ஈருறுப்பா, முப்படியா?

4ய³ − 9ய என்பதை ஈருறுப்புக் கோவை என்பதா, முப்படிக் கோவை என்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரி. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் போல, ஒரே கோவைக்கு இரண்டு விதமாகப் பெயர் சொல்லலாம்.

உறுப்புகளை, அதாவது கூட்டல், கழித்தல் குறிகள் பிரிக்கும் துண்டுகளை எண்ணினால் ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்பு. நான்கு வந்துவிட்டால் யாரும் தனிப் பெயர் தேடுவதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான பல்லுறுப்பு என்ற பெயரிலேயே விட்டுவிடுவோம். மாறியின் (இங்கே ய) மிகப் பெரிய அடுக்கை, அதாவது படியைப் பார்த்தால் ஒருபடி, இருபடி, முப்படி. மூவுறுப்பும் முப்படியும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ய² + 5ய + 6 மூவுறுப்பு, ஆனால் இருபடி.

பெயர் வைக்கும் முன் சுருக்கிவிடுங்கள். பலர் வழுக்குவது இங்கேதான். 3ய² + 5ய − 3ய² + 2 பார்வைக்கு நான்கு உறுப்புள்ள இருபடி. 3ய² அடிபட்டுப் போனால் மிஞ்சுவது 5ய + 2: ஈருறுப்பு, ஒருபடி. வரிசையையும் நம்பாதீர்கள், 7 − ய + 2ய⁴ என்பதன் படி 4, முதலில் நிற்கும் 7 அதைத் தீர்மானிப்பதில்லை. இரண்டு மாறிகள் ஒரே உறுப்பில் வந்தால் அடுக்குகளைக் கூட்டுங்கள்: 6ய²ர³ என்பதன் படி 5.

7 என்ற வெறும் எண்ணும் கோவைதான், படி 0. பூச்சியத்துக்கு மட்டும் படி வரையறுப்பதில்லை.

1/ய, √ய வந்தால் அது பல்லுறுப்புக் கோவையே அல்ல. அடுக்கு குறையெண்ணாகவோ பின்னமாகவோ இருக்கக் கூடாது. √2ய² என்பதில் மூலக்குறி 2-க்கு மட்டும் என்றால் பயமில்லை, அது வெறும் கெழு, அதாவது மாறியைப் பெருக்கி நிற்கும் எண்.