ஏஞ்சலா லான்ஸ்பரி 58 வயதில்தான் நட்சத்திரமானாரா?

"மர்டர், ஷி ரோட் தொலைக்காட்சித் தொடருக்கு முன் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி என்ன செய்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே செய்தார்!

1925-ல் லண்டனில் பிறந்தவர். போர்க்காலத்தில் அமெரிக்கா வந்தார். 1944-ல் வெளியான கேஸ்லைட்தான் முதல் படம். அதில் திமிர் பிடித்த வேலைக்காரப் பெண்ணாக நடித்து, பதின்வயதிலேயே ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். மறு வருடமே இன்னொன்று.

ஆனால் ஸ்டூடியோ அவரைக் கதாநாயகியாகப் பார்க்கவே இல்லை. வயதுக்கு மீறிய வேடங்களையே தந்தார்கள். 1961-ல் ஒரு படத்தில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு அம்மா. இத்தனைக்கும் எல்விஸைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். அடுத்த வருடம் தி மஞ்சூரியன் கேண்டிடேட் படத்தில் லாரன்ஸ் ஹார்விக்கு அம்மா. வயது வித்தியாசம் மூன்றே வருடம்! அந்தக் கொடூரத் தாயைப் பார்த்தால் நடுங்கிப்போவீர்கள். மூன்றாவது ஆஸ்கர் பரிந்துரை அதற்குத்தான். என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த நடிப்பும் அதுவே.

அப்புறம் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை. 1966-ல் மேம் இசை நாடகம் அவரை நாயகியாக்கியது. நாடகத்துக்கான டோனி விருதும் கிடைத்தது.

மர்டர், ஷி ரோட் தொடர் தொடங்கியது 1984-ல், அவருடைய 58 வயதில். துப்பறியும் எழுத்தாளர் ஜெசிகா ஃப்ளெட்சராக 12 சீசன், 264 அத்தியாயங்கள். ஒவ்வொரு சீசனுக்கும் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரை வந்தது, ஒருமுறைகூட விருது தரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. கௌரவ ஆஸ்கர் 2013-ல் வந்தது, 88 வயதில்.