தசமபாகம் தவறவில்லை, தூக்கம் மட்டும் போய்விட்டது

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஸ்தோத்திரம். கொத்தனாரான என் கணவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததில் ஏழு மாதமாக வேலைக்குப் போகவில்லை. நான் தைத்து மாதம் 9,000 ரூபாய் கொண்டுவருகிறேன். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பத்து வட்டிக்கு 40,000 வாங்கினோம். குழுக் கடனுக்கு வாரம் 850 கட்ட வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 900 மட்டும் சபைக்குத் தவறாமல் கொடுக்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம். இப்போது மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, ஜெபம் வருவதில்லை. ஜெபக்குழுவில் அது விசுவாசக் குறைவு என்கிறார்கள். அம்மா போட்ட இரண்டு பவுன் சங்கிலி மட்டும் மிச்சம். கணவரிடம் எதையும் சொல்லவில்லை.
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் கணக்கைப் பார்ப்போம். வட்டி 4,000, குழுவுக்கு நாலு வாரத்தில் 3,400, தசமபாகம் 900. மிஞ்சுவது 700 ரூபாய். அதில் மாதம் ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராததை விசுவாசக் குறைவு என்பது, ஜெபக்குழுவினர் எவ்வளவு அன்பாகச் சொல்லியிருந்தாலும், தவறு. 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அதுவும் இரண்டு முறை. கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான்.

ஆகவே உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். அரைவயிற்றுச் சாப்பாட்டோடு பட்டினியும் சேர்ந்தால் தலைசுற்றலும் படபடப்பும் வரும், அதை மனம் பயமாக எடுத்துக்கொள்ளும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று மணிக்கு விழித்தால் வேதத்தை எடுக்காதீர்கள். தூங்கவில்லையே என்ற குற்றவுணர்வோடு ஜெபம் வரவில்லையே என்பதும் சேர்ந்துகொள்ளும். இருபது நிமிடம் போல் படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் வேறிடத்தில் உட்காருங்கள். போனைத் தொடாமல், கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். எந்நேரம் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது.

கவலைக்கென்று மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி நோட்டில் எழுதுங்கள். ஒரு பக்கம் நாளை நீங்கள் செய்யக்கூடியது, மறுபக்கம் உங்கள் கையில் இல்லாதது. மறுபக்கத்தை அப்படியே ஜெபமாக வாசியுங்கள். சொற்கள் வராத நாளில் சங்கீதம் 13 போதும், ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களிலேயே தாவீது நாலு தடவை "எதுவரைக்கும்" என்கிறார். தேவனிடம் குறைப்பட்டுக்கொள்வதற்கு வேதத்திலேயே இடமுண்டு.

சங்கிலியை கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து பத்து வட்டியை முடித்துவிடுங்கள். இன்றைய விலைக்கு இரண்டு பவுன் 40,000-க்குத் தாராளம். அங்கே ஏறக்குறைய ரூபாய் வட்டிதான், மாதம் 400 போல. பத்து வட்டியில் வருஷத்துக்கு 48,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கும். பணம் கொடுக்கும்போது சாட்சியோடு போய், புரோநோட்டையும் வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் கையோடு வாங்குங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் மறுபடி மாட்டுகிறார்கள். மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம். குழுக் கடன் கொடுத்தவர்கள் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்கு அழைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி.

தசமபாகத்தில் உங்கள் போதகர் வேறு கருத்துச் சொல்லக்கூடும். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறது. உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் திக்கற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் போகிறது. இன்று வாங்கும் இடத்தில் இருப்பது உங்கள் வீடு. போதகரிடம் நேரில் சொல்லி, கடன் தீரும்வரை இயன்றதைக் கொடுங்கள்.

கணவரிடம் ராத்திரியில் பேச வேண்டாம். பகலில், சாப்பிட்ட பிறகு, நோட்டை அவர் கையில் கொடுத்து, "கணக்கு நீங்க எழுதுங்க, நான் சொல்றேன்" என்று ஆரம்பியுங்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் ஒரு வேலைதான்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதுவரை காத்திருக்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.