பிரெஞ்சில் பான்ஸே (penser, நினைப்பது): 'ஆ' (à) போடுவதா, 'த' (de) போடுவதா?

'உன்னைப் பற்றி நினைக்கிறேன்' என்று பிரெஞ்சுத் தோழிக்கு 'ஜ பான்ஸ் த துவா' என எழுதினேன், அவர் சிரித்துவிட்டார் என்கிறீர்கள். நம் 'பற்றி'யை அப்படியே 'த' ஆக்கியதில் வந்த வினை. நினைப்பில் ஒருவர் இருந்தால் 'ஆ' போட வேண்டும்: ஜ பான்ஸ் ஆ துவா.

பான்ஸேவுக்குப் பின் 'த' வந்தால் அது அபிப்பிராயம், பெரும்பாலும் கேள்வியில்தான் வரும். 'க பான்ஸ் தியூ த ஸ ஃபில்ம்?' என்றால் படம் எப்படி என்று கேட்கிறார்கள். பதிலை 'ஜ பான்ஸ் க...' என்று தொடங்குங்கள்; அங்கே 'த' கிடையாது.

பொருளைத் திரும்பச் சொல்லாமல் சுருக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். 'ஆ' வரும் இடத்தில் 'ஜி பான்ஸ்' (j'y pense) என்றால் அது என் நினைப்பில் இருக்கிறது. 'த' வரும் இடத்தில் 'கான் பான்ஸ் தியூ?' (qu'en penses-tu?) என்றால் அதைப் பற்றி உன் கருத்து என்ன என்று அர்த்தம். ஆட்களுக்கு மட்டும் 'ஜி' வேண்டாம், 'ஜ பான்ஸ் ஆ எல்' என்றே சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த ஜோடி 'தெனீர்' (tenir) என்ற வேறொரு வினைச்சொல்லில் இருக்கிறது. 'இல் தியான் ஆ ஸோன் பேர்' என்றால் அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிறான். அதே இடத்தில் 'த ஸோன் பேர்' போட்டால், அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்!

சரி, தோழிக்குத் திருத்தி அனுப்பிவிடுங்கள்.