திருச்செந்தூரில் சட்டையைக் கழற்ற முடியவில்லை, டாக்டர்!

டாக்டர், எனக்கு வயது 24, உடம்பு ஒல்லி, 64 கிலோதான். ஒன்பதாம் வகுப்பிலேயே மார்பு இரண்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டன. கோடையிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுகிறேன். போன வைகாசி விசாகத்துக்கு வீட்டோடு திருச்செந்தூர் போனோம். சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் வயிற்று வலி என்று பொய் சொல்லி வெளியிலேயே நின்றுவிட்டேன். அடுத்த வருடம் கல்யாணம் பேசுகிறார்கள். ஆபரேஷன் செய்தால் என்னவெல்லாம் நடக்கும்? வலிக்குமா, தழும்பு தெரியுமா, எத்தனை நாள் லீவு போட வேண்டும்? வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொள்ள முடியுமா?
- பெயர் வேண்டாம், கோவை

தம்பி, குற்றாலத்துக்குப் போய் அருவியில் நனையாமல் திரும்பியவர்கள், தாலி கட்டும்போது மேல்துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள் என்று நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன், அதனால் உங்கள் வயிற்று வலி எனக்குப் புதிதில்லை. மல்லாந்து படுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்கமிருந்தும் காம்பை நோக்கி மெதுவாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி ஏதோ தட்டுப்பட்டால் அது சுரப்பி, எங்கே தொட்டாலும் ஒரே மெத்தென்று இருந்தால் வெறும் கொழுப்பு. உங்கள் எடையையும் தொடங்கிய வயதையும் வைத்துப் பார்த்தால் சுரப்பியாகத்தான் இருக்கும். ஆணுக்கு மார்புச் சுரப்பி இப்படி வளர்வதைக் கைனகோமாஸ்டியா என்பார்கள். தண்டால் எடுத்தால் கரைந்துவிடும் என்று யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். கரையாது. பின்னால் இருக்கிற தசை வளர்ந்து அதை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளும், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைகள் இருக்கும்: டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே வரும். டாக்டர் விதைப்பையையும் தொட்டுப் பார்ப்பார், கூச்சப்படாதீர்கள். அங்கே இருக்கிற சின்னக் கட்டி ஒன்றுகூட மார்பில் இப்படிக் காட்டும், அதைப் பார்க்காமல் நேராகக் கத்தியை எடுப்பவரிடம் போகாதீர்கள். எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி என்கிற மேற்படிப்புப் படித்தவரா என்று கேட்பதிலும் தப்பில்லை, பணம் கொடுப்பது நீங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் 4 வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், புண் ஆறுவதை அது கெடுக்கும்.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு போவீர்கள். நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள், ஏனென்றால் படுத்தால் சதை பக்கவாட்டில் சரிந்து அளவு தெரியாது. அப்புறம் மயக்க மருந்து. அக்குள் பக்கத்தில் சில மில்லிமீட்டர் துளை போட்டு, மரத்துப்போகவும் ரத்தம் அதிகம் வராமலிருக்கவும் மருந்து கலந்த உப்புநீரை உள்ளே ஏற்றி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். இது லைப்போசக்ஷன். கெட்டியான சுரப்பி இந்தக் குழாய்க்குள் வராது, அதைக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் பிறை மாதிரி வெட்டித்தான் எடுக்க வேண்டும். 'கத்தி படாமல், தழும்பே இல்லாமல்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு மட்டும் இருப்பவருக்கு அது சரி, உங்களுக்கு அப்படிச் செய்தால் வில்லை அங்கேயேதான் இருக்கும், திரும்ப ஒருமுறை படுக்க வேண்டி வரும். அதேபோல் சுரப்பி மொத்தத்தையும் வழித்தெடுத்துவிடவும் கூடாது. காம்புக்கு அடியில் ஒரு மெல்லிய அடுக்கை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு அந்த இடம் பணியாரக் குழி மாதிரி உள்ளே போய்விடும். 'டாக்டர், எவ்வளவு முடியுமோ அவ்வளவும் எடுத்துவிடுங்கள்' என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

எல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. அன்று சாயந்திரமோ மறுநாள் காலையோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சிலருக்கு உள்ளே சேரும் நீரும் ரத்தமும் வெளியேற இரண்டு நாள் ஒரு சின்னக் குழாய் தொங்கும். வலி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது, முதல்நாள் ஜிம்முக்குப் போனவனின் மறுநாள் வலி மாதிரி, மூன்று நாளைக்கு மாத்திரை போதும். ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் இழுக்கும், அதனால் டி-ஷர்ட் வேண்டாம், பட்டன் சட்டையாக எடுத்துப் போங்கள். கட்டைப் பிரித்ததும் கண்ணாடியில் தட்டையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நாவல்பழம் சாப்பிட்ட நாக்கு நிறத்தில் ரத்தக்கட்டு, வீக்கம், சில சமயம் முன்னைவிடப் பெரிதாகக்கூடத் தெரியும். ரத்தக்கட்டின் நிறம் போக இரண்டு மூன்று வாரம், வீக்கம் வடிய மூன்று மாதம், உண்மையான வடிவம் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். காம்பில் உணர்ச்சி மரத்திருக்கும், பலருக்குச் சில மாதத்தில் திரும்பிவிடும். தழும்பு கருப்பும் மாநிறமும் சேர்கிற எல்லையில் ஒளிந்துகொள்வதால் ஒரு வருடத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்துப் புடைத்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இந்தத் தழும்பும் அப்படித் தடிக்கலாம்.

உட்கார்ந்து பார்க்கிற வேலையென்றால் ஒரு வாரம் லீவு போதும். பைக் பத்து நாளைக்கு வேண்டாம். எடை தூக்குவது நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து. இன்ஷூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் இதை அழகு சிகிச்சை என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள், அதனால் கையிலிருந்துதான் போகும். 'பேக்கேஜ்' என்றால் மயக்க டாக்டர், வீக்கம் வடிய ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிற இறுக்கமான அழுத்த பனியன், எடுத்த சதையை லேபுக்கு அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்குமா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருந்தால் அங்கேயும் போய்க் கேட்கலாம், காத்திருக்க வேண்டி வரும்.

வீட்டுக்குத் தெரியாமலா? 24 வயதில் உங்கள் கையெழுத்தே போதும். ஆனால் மயக்கம் தெளிந்து எழுந்தவரைத் தனியே அனுப்ப மாட்டார்கள், கூட ஒரு ஆள் வேண்டும், அப்புறம் ஆறு வாரம் இறுக்கமான பனியனோடு ஒரே வீட்டில் எப்படி ஒளிப்பீர்கள்? அம்மாவிடமோ அண்ணனிடமோ ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு நாலு மாதமாவது முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 14 வயது. ஒரு பக்க மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டால் வலி என்கிறான். ஆபரேஷன் செய்துவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

வேண்டாம்மா. இந்த வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும், ஒரு பக்கம் மட்டும்கூட வரும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டுக் காத்திருங்கள். பள்ளியில் பையன்கள் கிள்ளுகிறார்களா என்று மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள், அவனாகச் சொல்ல மாட்டான்.

ஜிம் மாஸ்டர் கொடுத்த ஊசியை எட்டு வாரம் போட்டேன். காம்புக்குக் கீழே வீங்கி அரிக்கிறது. இன்னொரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்.
- வாசகர், மதுரை

ஊசியையும் நிறுத்துங்கள், மாஸ்டரின் மருத்துவத்தையும் நிறுத்துங்கள். வெளியிலிருந்து ஏற்றிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, வீக்கம் அதனால்தான். புதிதாக வந்ததென்றால் ஹார்மோன் டாக்டர் மருந்தில் அடக்கிப் பார்ப்பார், கெட்டிப்பட்டுவிட்டால் ஆபரேஷன்தான். ஆபரேஷன் முடிந்து மறுபடி ஊசி போட்டால் மறுபடி வரும், அதற்கு எந்த சர்ஜனும் பொறுப்பில்லை.

அப்பாவுக்கு 61 வயது, கல்லீரலுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மார்பு இரண்டும் பெருத்துவிட்டன.
- மகள், விழுப்புரம்

சீட்டில் ஸ்பைரோனோலாக்டோன் என்று இருக்கிறதா பாருங்கள். வயிற்றில் நீர் கோத்தால் கொடுக்கிற அந்த மாத்திரையும் இதைச் செய்யும், கல்லீரல் கெட்டிருப்பதும் இதைச் செய்யும். நீங்களாக நிறுத்த வேண்டாம், கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரிக் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தம் கசிவது, இதில் ஒன்று இருந்தாலும் அதே வாரம் காட்ட வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அது வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல ஆண்தான்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இடது பக்கம் தடித்துக் கெட்டியாக இருக்கிறது. பணம் வீணா?
- வாசகர், சென்னை

இல்லை. உள்ளே புண் ஆறும்போது தழும்பு கெட்டிப்படும், மூன்றாவது வாரம் அது நன்றாகத் தெரிகிற நேரம், இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆறாது. முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பந்து மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று பயந்திருக்கலாம். இப்போது காய்ச்சல், சிவப்பு, சீழ், தண்ணீர் பை மாதிரித் தளும்பல் இருந்தால் போய்க் காட்டுங்கள். இல்லையென்றால் டாக்டர் சொன்ன பிறகு தினமும் எண்ணெய் தொட்டு விரலால் நீவிவிடுங்கள். பனியனைச் சென்னை வெயிலில் கழற்றி வைத்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று கொடியில் காய்கிற நேரத்தில் மற்றது உடம்பில் இருக்கட்டும்.