கொடிக்கு முன் மண்டியிட்டால் வேலை போகுமா? அமெரிக்கச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கேள்விகள். நிறம், புகழ், பேச்சுரிமை மூன்றும் சிக்கிக்கொண்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் விடுதலையானார். பிறகு அதே கொலைகளுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். கொன்றாரா, இல்லையா?

அவர் கொல்லவில்லை என்று எந்த ஜூரியும் சொல்லவில்லை. 1995 அக்டோபர் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வந்த தீர்ப்புக்கு ஒரே பொருள்தான்: நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாதபடி அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. சிவில் வழக்கில் அவ்வளவு வேண்டாம், தராசு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே போதும். கிரிமினல் வழக்கில் சாட்சிக் கூண்டேறாமல் இருக்க அவருக்கு உரிமை இருந்தது. சிவில் வழக்கில் ஏறிப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. 1997இல் 3.35 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி வசூலாகவே இல்லை. அவருடைய கால்பந்து ஓய்வூதியத்தில் கைவைக்கச் சட்டம் விடவில்லை.

இதில் இனம் எங்கே வந்தது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சிம்ப்சன் கறுப்பினத்தவர். அதே ஊரில் 1991இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் அடித்ததை ஊரே வீடியோவில் பார்த்தது. அடுத்த ஆண்டு கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாத ஜூரி அந்தப் போலீஸாரைத் தண்டிக்காமல் விட்டது. கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் சிம்ப்சன் வழக்கு. அதில் முக்கியச் சாட்சியான துப்பறிவாளர் மார்க் ஃபர்மன், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைப் பத்து ஆண்டுகளாகத் தான் சொன்னதே இல்லை என்று சத்தியம் செய்தார். பிறகு அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலிநாடாக்கள் வெளிவந்தன. இவ்வளவுக்குப் பிறகு ஜூரிக்குச் சந்தேகம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அந்த நாடாக்களைத் தேடிப்பிடிக்க ஆளும் பணமும் வேண்டும். அரசு ஒதுக்கித் தரும் வக்கீலை நம்பி நிற்கும் ஒருவருக்கு அது நடந்திருக்குமா என்றால், சந்தேகம்தான்.

கேள்வி: ஜூரியில் யார் உட்காரலாம் என்பதை நிறம் பார்த்து முடிவு செய்யலாமா?

கூடாது. 1986இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஆனால் ஜூரரை நீக்கும் வழக்கறிஞர் நிறத்தோடு தொடர்பில்லாத ஏதாவது ஒரு காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மிசிசிப்பியில் கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் என்பவரை ஒரே கொலை வழக்குக்காக ஆறு முறை விசாரித்தார்கள். ஆறு முறையும் அதே அரசு வழக்கறிஞர். அவருக்கு நீக்க வாய்ப்பு கிடைத்த 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை நீக்கினார். 2019இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

கேள்வி: கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையை எதிர்த்து, தேசிய கீதத்தின்போது மண்டியிட்டதற்காக அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேபர்நிக்கை வேலையை விட்டே அனுப்பினார்களே. பேச்சுரிமை எங்கே போனது?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். 2017 மார்ச்சில் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது அவர்தான், அணியும் அவரை வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் இல்லை. அப்புறம் 32 அணிகளில் ஒன்றுகூட அவரைச் சேர்க்கவில்லை. எல்லோரும் கூடிப் பேசி ஒதுக்கினார்கள் என்று அவர் போட்ட புகார் 2019இல் சமரசமாக முடிந்தது, தொகையை வெளியே சொல்லவில்லை.

1791இல் வந்த முதல் சட்டத் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. அரசுப் பள்ளியில் ஒரு குழந்தை கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்தால் தண்டிக்க முடியாது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. தனியார் முதலாளிக்கு இந்தக் கட்டு கிடையாது. கேபர்நிக்கின் வேலை போனால் போனதுதான்.

முகம்மது அலியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1967இல் ராணுவத்தில் சேர மறுத்தார். ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள், அப்பீலில் இருந்ததால் உள்ளே போகவில்லை. நியூயார்க்கின் விளையாட்டு ஆணையம் உரிமத்தைப் பறித்தது. அது மாநில அரசின் அமைப்பு, அதனால் நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. கொலைகாரர்களுக்கும் ராணுவத்தை விட்டு ஓடியவர்களுக்கும் உரிமம் கொடுத்த ஆணையம் இவருக்கு மட்டும் மறுப்பதா என்று கேட்டு, 1970இல் நீதிபதி உரிமத்தைத் திருப்பித் தரச் சொன்னார். சிறைத் தண்டனையும் 1971இல் எட்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் ரத்தானது. ஆனால் மூன்றரை ஆண்டு போனது போனதுதான், அதுவும் ஒரு குத்துச்சண்டை வீரரின் இருபதுகளின் பின்பாதி.

கேள்வி: கு க்ளக்ஸ் க்ளான் மாதிரியான வெள்ளை இனவெறிக் கூட்டத்தைப் பேசவிடுவது எந்த ஊர் நியாயம்?

கோபம் புரிகிறது. ஓஹியோவில் ஒரு க்ளான் தலைவரின் தண்டனையை 1969இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. உடனடியாக ஒரு சட்டமீறலை நடத்தத் தூண்டவேண்டும், அது நடக்கவும் வாய்ப்பிருக்கவேண்டும், அப்போதுதான் பேச்சைத் தண்டிக்கலாம் என்றது.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு. மிசிசிப்பியின் போர்ட் கிப்சனில் 1966 முதல் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். புறக்கணிப்பை மீறுபவர்களின் கழுத்தை முறிப்போம் என்று தலைவர் சார்லஸ் எவர்ஸ் மேடையில் பேசினார். கடைக்காரர்கள் வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடும் வாங்கிவிட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எவர்ஸின் பேச்சைக் காப்பாற்ற அது எடுத்த அளவுகோல் எது தெரியுமா? க்ளான் தலைவரின் வழக்கில் வந்த அதே அளவுகோல். க்ளானைத் தடுக்க மிசிசிப்பி அரசிடம் ஒரு தடியைக் கொடுத்திருந்தால், முதல் அடி யார் முதுகில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ராப் பாட்டு வரியை வைத்துக் கொலை வழக்கு போட முடியுமா?

பாட்டுக்காக வழக்கு இல்லை, பாட்டைச் சாட்சியமாகக் காட்டுகிறார்கள். கலிஃபோர்னியா 2022இல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜார்ஜியாவில் ராப் பாடகர் யங் தக் வழக்கில் நீதிபதி அனுமதித்தார். கதை எழுதுபவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்பது என் குறை.

கேள்வி: அங்கே பிரபலங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுகிறார்களே, அவதூறு வழக்கே கிடையாதா?

உண்டு, ஜெயிப்பதுதான் கஷ்டம். 1960இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவு திரட்ட நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சில பிழைகள். கிங் நான்கு முறை கைதாகியிருந்தார், ஏழு முறை என்று போட்டிருந்தார்கள். அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் போலீஸுக்குப் பொறுப்பாக இருந்த சல்லிவன் வழக்குப் போட்டார். அவர் பெயர் விளம்பரத்தில் எங்குமே இல்லை. அலபாமாவுக்குப் போனதும் சுமார் 394 பிரதிகள்தான். ஆனாலும் உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. விளம்பரத்தில் பெயர் இருந்த நான்கு கறுப்பினப் போதகர்களையும் சேர்த்தே மாட்டினார்கள். எங்கள் பெயரைப் போட்டதே எங்களுக்குத் தெரியாது என்றார்கள், எடுபடவில்லை. தெற்கே நடப்பதை வடக்குப் பத்திரிகைகள் எழுதாமல் வாயடைப்பதுதான் நோக்கம்.

1964இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைக் கவிழ்த்தது. பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது பொய்யா மெய்யா என்ற கவலையே இல்லாமல் எழுதினார்கள் என்று வழக்குப் போடும் அதிகாரி நிரூபிக்கவேண்டும். 1967இல் இந்த விதி பிரபலங்களுக்கும் வந்தது. ஆக, கறுப்பினப் போராட்டத்தின் செய்தியைக் காப்பாற்ற வந்த விதியில்தான் இன்று சினிமாக் கிசுகிசு குளிர்காய்கிறது. இந்த விதியை மறுபடி பார்க்கவேண்டும் என்று 2019 முதல் கேட்பவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், அவரும் கறுப்பினத்தவர்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய 1994 வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் சல்லிவன் தீர்ப்பை எடுத்துப் பேசியது. அதற்காக அமெரிக்க நடிகரைப் பற்றி எழுதுவதுபோல் இங்கே எழுதிவிடாதீர்கள். அவதூறுக்குச் சிறைத் தண்டனை தரும் சட்டம் செல்லும் என்று 2016இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.