பல டீம், ஒரே மென்பொருள்: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் கீழக்கரைக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் "காக்கா" என்றும் கூப்பிடுவார்கள்.

தொண்டி: நாலு டீம், ஒரே ப்ராடக்ட். எங்கே தொடங்குவது, அண்ணே?

ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்கு என்ன தரவு போகிறது என்பதை எழுதி வைப்பதில். நான் பார்த்த ஒரு கூத்து: பில்லிங் டீம் "தொகை: 45000" என்று அனுப்பியது, பைசாவில். ரிப்போர்ட் டீம் அதை ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. 450 ரூபாய் பில், 45,000 ரூபாய் என்று அச்சாகி வந்தது. இரண்டு டீமின் டெஸ்ட்டும் பச்சை, அதாவது பாஸ்! 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததும் இதே வகையில்தான். ஒரு தரப்பு விசையைப் பவுண்டு அலகில் கொடுத்ததை மறுதரப்பு நியூட்டன் என்று நினைத்தது. எழுதினால் மட்டும் போதாது. தரவை வாங்கும் டீம் ஒரு டெஸ்ட் எழுதி, அதை அனுப்பும் டீமின் பைப்லைனில் (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்டுகள் தானாக ஓடும் வரிசை) ஓடவிட வேண்டும்.

பாம்பன்: டெட்லைன் நெருங்குது. இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாமா?

வேண்டாம். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே சொல்லிவிட்டார்: தாமதமான ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். 10 பேருக்குள் 45 ஜோடி பேச வேண்டும், 20 பேர் என்றால் 190. புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருவதும் வேலை தெரிந்த ஆள்தான்.

ஏர்வாடி: யாருக்கு என்ன வேலை என்று குறித்து வைக்க ஜிராவா, வேறு ஏதாவதா?

எதுவானாலும் சரி. அடுத்தது.

ராமேஸ்வரம்: ஒரு பட்டன் சேர்க்க யூஐ (திரை), பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் ஓடும் கோடு), டேட்டாபேஸ் என்று மூன்று டீமிடம் அலைகிறோம்.

யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வடிவில்தான் மென்பொருளும் வரும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். டீமை வசதி வாரியாகப் பிரியுங்கள்: புக்கிங் டீம், பில்லிங் டீம். ஒவ்வொன்றிலும் மூன்று வேலைக்கும் ஆள் இருக்கட்டும்.

மண்டபம்: கோடைச் சேர்த்து வைக்க எல்லாருக்கும் ஒரே ரெப்போவா, டீமுக்கு ஒன்றா?

ஒரே ரெப்போ. இடைமுகத்தை (ஒரு பகுதியை மற்ற பகுதிகள் கூப்பிடும் முறை) மாற்றினால், அதைக் கூப்பிடும் எல்லா இடத்தையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவில், திருத்திவிடலாம்.

தொண்டி: ஒத்துக்க மாட்டேன், அண்ணே. ஒருத்தன் உடைச்சா எல்லாருக்கும் பில்ட் (கோடை ஓடுற மென்பொருளாக்குறது) நிக்குது.

அது ரெப்போவின் குற்றமா? மாறிய பகுதியை மட்டும் பில்ட் செய்ய பாசல் மாதிரி கருவிகள் இருக்கின்றன. கூகுள் தன் கோடில் பெரும்பகுதியை ஒரே ரெப்போவில்தான் வைத்திருக்கிறது.

மண்டபம்: அதைப் பராமரிக்க அவங்ககிட்ட தனி டீமே இருக்கே!

அது நியாயம். நாலு டீமில் அதற்கென்று ஒரு ஆளை ஒதுக்க முடியாதென்றால் தனித்தனியாகவே வையுங்கள். ஆனால் மற்ற டீம்கள் வாங்கும் "தொகை" மாதிரி பெயரை ஒரே நாளில் தூக்கிவிடாதீர்கள். "தொகை_பைசா" என்று புதிதாகச் சேர்த்து, எல்லாரும் அதற்கு மாறியபின் பழையதை எடுங்கள்.

கீழக்கரை: காக்கா, ரிலீஸுக்கு ரெண்டு வாரம்தான். ஆள் எடுக்கலாமா?

பாம்பன் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

தேவிபட்டினம்: அவரவர் வேலையை முடித்துவிட்டு கடைசியில் சேர்க்கலாமா?

கரைவலையில் ஒரு பக்கத்தார் மட்டும் முந்தி இழுத்தால் மீன் நிற்குமா? தினமும் மெயினில், அதாவது எல்லாருக்கும் பொதுவான கோடில், சேருங்கள். முடியாத வேலையை ஃபீச்சர் ஃபிளாக் (வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) போட்டு மூடி வைக்கலாம்.

உச்சிப்புளி: அண்ணே, ஆளைக் கூட்டினா...

மூன்றாவது தடவை! வேலையைக் குறையுங்கள், ஆளைக் கூட்டாதீர்கள். அப்புறம், உங்கள் தொகை பைசாவா ரூபாயா? எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.