சூரியகாந்தி: பூ பெரிது, விதை மட்டும் பதர். ஏன்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் இரண்டு முறை சூரியகாந்தி போட்டேன். முதல் முறை நாற்றுத் தட்டில் விதைத்து, ஒன்றரை மாதம் கழித்து மண்ணில் நட்டேன். செடி முழங்கால் உயரத்திலேயே பூத்து முடிந்துவிட்டது. அடுத்த முறை உரம் தாராளமாகப் போட்டேன். ஆள் உயரம் வளர்ந்து, ஒன்றைத் தவிர எல்லாம் காற்றில் சாய்ந்துவிட்டன. அந்த ஒன்றில் தட்டு அளவுக்குப் பூ. ஆனால் விதைகளை உடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே பருப்பே இல்லை. மூன்றாம் முறை எதை மாற்ற வேண்டும்?

பதில்: நாற்றுத் தட்டை மாற்றுங்கள். அதாவது, தட்டே வேண்டாம்.

சூரியகாந்தி ஆணிவேர்ச் செடி. முளைத்த கையோடு வேரை நேராகக் கீழே விடும். தட்டின் சின்னக் குழியில் வேர் அடியைத் தொட்டதும் வளையத் தொடங்கும். மேலே நான்கு இலைதான் தெரியும், ஆனால் வேர் அதற்குள் நெருக்கடியில் சிக்கியிருக்கும். பிறகு எவ்வளவு நல்ல மண்ணில் நட்டாலும் இந்தச் செடி நின்று நிதானிக்காது. அதன் நாள் கணக்குப்படி பூத்துவிட்டுப் போய்விடும். உங்கள் முழங்கால் உயரச் செடியின் கதை இதுதான். வீட்டுக்குள் முளைக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் காகிதக் கோப்பையில் போட்டு, இரண்டு மூன்று வாரத்துக்குள் வேர்மண் உதிராமல் நட்டுவிடுங்கள்.

நேரடியாக விதைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும்; எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்குங்கள். விரலின் முதல் கணு அளவு, அதாவது 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில், குழிக்கு இரண்டு விதை. கூர்முனை கீழே இருக்கட்டும் என்பார்கள். எப்படிப் போட்டாலும் அது வழி கண்டுபிடித்து வந்துவிடும். ஆழம் குறைந்தால்தான் சிக்கல்: ஓட்டைக் கழற்றாமல் தலையில் குல்லாய் போலச் சுமந்துகொண்டு முளைக்கும். அப்படி வந்தால் ஓட்டில் தண்ணீர் தொட்டு வைத்து, ஊறிய பிறகு மெதுவாக உருவிவிடுங்கள்.

மண்ணில் இளஞ்சூடு இருந்தால் 5 முதல் 10 நாளில் முளை தெரியும். முளைத்த மறுநாளே காணாமல் போனால் விதையைக் குறை சொல்லாதீர்கள். பறவை, அணில், நத்தை மூன்றுக்கும் இது விருந்து. அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை மேலே கவிழ்த்து, மூடியைத் திறந்து வையுங்கள். இரண்டு ஜோடி இலை வந்ததும் எடுத்துவிடலாம். அதே சமயம் குழிக்கு ஒன்றை விட்டு, மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். சாதாரண ரகத்துக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி, ராட்சத ரகத்துக்கு 45 முதல் 60.

அப்புறம் அந்த உரம். தழைச்சத்து மிகுந்தால் தண்டு மளமளவென்று ஏறும், ஆனால் உறுதி இருக்காது. விதைக்கும் முன் மண்ணில் மக்கிய உரம் கலந்தாலே பெரும்பாலும் போதும்; மொட்டு தெரியும்போது இன்னொரு கைப்பிடி. செடி முழங்கால் உயரம் வந்ததும் அடியில் மண் அணையுங்கள். உயர ரகங்களுக்கு முன்கூட்டியே ஒரு குச்சி நட்டுவிடுவது நல்லது. சாய்ந்த பிறகு நட்டால் குச்சியே வேரைக் குத்தும்.

இனி பதர் விஷயம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த கொண்டை. ஓரத்து மஞ்சள் இதழ்கள் மலட்டுப் பூக்கள். அவை தேனீயை அழைக்க மட்டும். நடுவட்டத்தில் இருப்பவைதான் விதையாகும். அவை வெளியிலிருந்து உள்நோக்கி, வட்டம் வட்டமாகப் பல நாள் திறக்கும். ஒவ்வொன்றும் முதலில் மகரந்தத்தைத் தரும், பிறகுதான் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி விரியும். பல ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. உங்கள் தோட்டத்தில் நின்றதோ ஒரே ஒரு செடி! பருப்பு எங்கிருந்து வரும்?

கொண்டையின் நட்டநடுவில் மட்டும் பதர் என்றால் கவலை வேண்டாம்; சத்து கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. எங்கும் பரவலாகப் பதர் என்றால் மகரந்தச் சேர்க்கைதான் குறை. ஆகவே இம்முறை ஆறேழு செடியாவது ஒரே கூட்டமாக, ஒரே நாளில் விதையுங்கள். பூக்கும் நாட்களில் காலையில், பனி உலர்ந்த பிறகு, ஒரு மென்துணியால் கொண்டையை லேசாகத் தடவி, அதே துணியால் அடுத்ததையும் தடவுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். அந்தச் சமயம் பூச்சிமருந்து கூடவே கூடாது. தண்ணீரை வேருக்கு விடுங்கள், கொண்டையை நனைக்காதீர்கள். மொட்டு முதல் பருப்பு முற்றும் வரை மண் காயக் கூடாது.

இடம் தேர்வதற்கு முன் இன்னொன்று. சூரியனோடு திரும்புவது இளஞ்செடியும் மொட்டும்தான். விரிந்த பூ கிழக்கு பார்த்து நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடாகும் அந்தப் பூவுக்கு, மேற்கே திருப்பி வைத்த பூவைவிட ஐந்து மடங்கு பூச்சிகள் வந்ததை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் பூவைத் தேனீக்கு விட்டுவிடுவோம், நாம் பார்ப்பதற்குச் செடியின் கிழக்குப் பக்கம் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். ஜன்னலுக்குக் கிழக்கே நட்டால் தெரிவது முதுகுதான்.

இதழ் உதிர்ந்ததும் கொண்டையை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள், இல்லையேல் அறுவடை கிளிக்குப் போகும். பின்புறம் மஞ்சளாகிப் பழுப்பேறும்போது ஒரு முழம் தண்டோடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அந்த விதையை மறுபடி போடலாமா என்றால், நாட்டு ரகமென்றால் போடலாம். வீரிய ஒட்டு ரகமென்றால் முளைக்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.